விபத்துக்குக் காரணம்: நர்ஸம்மா சைக்கிள்

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. நான் எழுத்தாளன் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி, சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடும் கமிட்டியின் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். பட்டு ஜவுளிக்கடை முதலாளி. ஒரு காப்பி குடித்தார், நன்றாயிருக்கிறது என்று இன்னொன்றும் குடித்தார், பிறகு தலைப்பைச் சொன்னார்: "சாலையில் அதிக விபத்துக்குக் காரணம் எந்தப் பிரிவினர்?" இரண்டு பக்கம் வேண்டும். படிக்கிறவர் மனம் நோகக் கூடாது. எழுபத்தொன்றாம் வருஷத்துக் காஞ்சிபுரத்தில் யார் மனமும் நோகாமல் இரண்டு பக்கம் எழுத வேண்டுமானால் பஞ்சாங்கம்தான் எழுதலாம். [அதிலும் ராகு காலத்தைப் பற்றிச் சண்டை வரும்.]

ஆனாலும் கடமை தவறாமல் விசாரித்தேன். லாரிக்காரர்கள் மாட்டுவண்டி என்றார்கள். மாட்டுவண்டிக்காரர்கள் பஸ் என்றார்கள். பஸ்காரர்கள் சைக்கிள் என்றார்கள். சைக்கிள்காரர்கள், நடுத்தெருவில் நின்று குசலம் விசாரிக்கிற பாதசாரிகள் என்றார்கள். பாதசாரிகள் பள்ளங்களைக் காட்டினார்கள். பள்ளங்கள் யாரையும் காட்டவில்லை. அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

2

முதல் வாக்கியம்: "மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதலாய்"

[அடித்தாயிற்று. அந்த மனிதன் காஞ்சிபுரத்துக்கு வந்ததில்லை.]

இரண்டாவது முதல் வாக்கியம்: "இளங்கதிரவன் தன் பொற்கிரணங்களால் கோபுரக் கலசங்களை"

[இதையும் அடித்துவிட்டேன். நான் எட்டு மணிக்கு எழுந்திருப்பவன். அந்த நேரத்தில் கலசத்தின் மேல் காக்கைதான் இருக்கும்.]

மூன்றாவது: "லில்லியின் சைக்கிள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது."

இது நிற்கட்டும். இதை எழுதிய பிறகுதான் கட்டுரை என் கையை விட்டுப் போனது. லில்லி, சுற்று வட்டாரக் கிராமங்களில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். சைக்கிளில்தான் போவாள். முசரவாக்கத்தில் சம்பூர்ணம் என்ற பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம், தலைச்சன் பிள்ளை, அது வயிற்றில் குறுக்கே கிடக்கிறது. லில்லி அடிக்கடி போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விபத்துக்குக் காரணம் லில்லிதான் என்று போலீஸ் எழுதிவிட்டால், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் அவளுக்குக் கொடுத்த சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வார்டிலேயே உட்காரவைத்துவிடுவார். சொல்லியும் விட்டார். பிறகு சம்பூர்ணத்தைப் பார்க்க யாரும் போகப்போவதில்லை.

3

இனி விபத்து. எந்த முச்சந்தி என்று சொல்ல மாட்டேன். ஒரு முச்சந்தி, அதில் ஒரு பிள்ளையார். இந்த ஊரில் பிள்ளையார் இல்லாத முச்சந்தியைக் காட்டுங்கள், அது இல்லை என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

பிள்ளையாரைக் கண்டால் நம் கைகள் குறுக்கே போகும். வலக்கை இடது பொட்டுக்கு, இடக்கை வலது பொட்டுக்கு. கண் தானாக மூடிக்கொள்ளும். மூன்று குட்டு. இதை நின்று நிதானமாகச் செய்ய எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை, போகிற போக்கில்தான். சைக்கிளில் போகிறவன் ஹாண்டில்பாரை விட்டுவிட்டுக் குட்டிக்கொள்வான். கார் ஓட்டுகிறவனும் அப்படியே. விழுந்து எழுந்தவனைக் கேட்டால், பிள்ளையார் புண்ணியத்தில் பல்லோடு போயிற்று என்பான்.

அன்று காலை தெருவின் ஒரு பாதியில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுமுன் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி நீவுகிற வேலை அது. அந்த நேரத்தில் பாதித் தெரு நெசவாளர்களுக்குச் சொந்தம், மற்ற உலகம் மீதிப் பாதியில் போய்வர வேண்டும். அந்த மீதிப் பாதியில் தாமலிலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு அப்பாதுரையின் மாட்டுவண்டி வந்தது. எதிரே கோதண்டபாணியின் வாடகைக் கார். மாட்டுவண்டிக்குப் பின்னால், முசரவாக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த லில்லி. வைக்கோலுக்கு அப்பால் என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் ஒதுங்கட்டும் என்று மணி அடித்தாள்.

அப்பாதுரை மாட்டுக்கயிற்றைத் தொடைக்கடியில் செருகிவிட்டுக் கைகளைக் குறுக்கே போட்டார். எதிரே கோதண்டபாணி ஸ்டீயரிங்கை விட்டார். இரண்டு பேரும் கண்ணை மூடிக் குட்டிக்கொண்டார்கள். மாடுகள் கண்ணை மூடவில்லை. அவை பிள்ளையாரின் கழுத்தில் இருந்த அருகம்புல் மாலையைப் பார்த்துவிட்டன.

வண்டி பிள்ளையார் பக்கம் திரும்பியது. கார் வந்து சக்கரத்தில் மோதியது. அச்சு முறிந்து வைக்கோல் சரிந்தது. அப்பாதுரை விழுந்ததில் கால் முறிந்தது. காரின் முன்பக்கம் நசுங்கி, கோதண்டபாணிக்கு மூக்கில் ரத்தம். பாவில் ஓர் இழைகூட அறவில்லை. பிள்ளையாருக்கு மாலை போயிற்று. லில்லி பிரேக் பிடித்து இறங்கி, தன் குடையை வைத்து அப்பாதுரையின் காலைக் கட்டினாள்.

பிறகு ஏட்டு தர்மன் வந்தார். காரை நகர்த்த முடியவில்லை. வண்டிக்கு அச்சு இல்லை. மாடுகள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சம்பவ இடத்தில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே வாகனம் லில்லியின் சைக்கிள். ஆகவே அதைக் கைப்பற்றி, ஏறி மிதித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.*

*[லேடீஸ் சைக்கிள். ஏட்டு உயரமானவர். முழங்கால் ஹாண்டில்பாரில் இடித்தது என்று ஒரு வரி எழுதி, காவல்துறை மீதுள்ள மரியாதையால் எடுத்துவிட்டேன்.]

4

இதுவரை எழுதியதைச் செயலாளர் படித்தார். மூன்றாவது காப்பி. "எல்லாம் சரி, அந்த நர்ஸ் எதுக்கு கிறிஸ்டியனா இருக்கணும்? ஏதோ குத்திக் காட்டற மாதிரி இருக்குது. நம்ம பேரா ஒண்ணு வெச்சிடுங்களேன்."

எனக்கும் சந்தேகம்தான். லோகாம்பாள் என்று பெயர் மாற்றி எழுதிப் பார்த்தேன். பிள்ளையார் வந்ததும் லோகாம்பாளும் கையை எடுத்துவிட்டாள். நேரே போய் வைக்கோலுக்குள் சொருகிக்கொண்டாள். அப்பாதுரையின் காலைக் கட்ட ஆளில்லை, என்ன நடந்தது என்று சொல்லவும் ஆளில்லை. மூன்று பேரும் பிள்ளையார் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதை அங்கேயே படுத்துவிட்டது. பழையபடி லில்லியையே கூப்பிட்டேன். வந்தாள், ஆனால் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

5

மறுநாள் ஸ்டேஷனில் விசாரணை. காலில் பெரிய கட்டோடு அப்பாதுரையைத் தூக்கிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கோதண்டபாணியின் மூக்கில் பஞ்சு. லில்லி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு பெஞ்சில் இடம் இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"யோவ், கயித்த ஏன்யா உட்ட?" என்றார் ஏட்டு தர்மன்.

"இன்னா ஏட்டய்யா இப்டி கேக்கறீங்க? புள்ளையாரு எதுக்க வராரு," என்றார் அப்பாதுரை.

"அவரு எங்கய்யா வந்தாரு? அவரு உக்காந்த எடத்துலதான இருக்குறாரு?"

கோதண்டபாணி பஞ்சைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "நான் டெய்லி கைய உட்டுக்கினுதான் போறேன் சார். ஒரு நாளாச்சும் ஆக்சிடென்ட் ஆச்சா? நேத்து இந்த நர்ஸம்மா மணி அடிச்சாங்க. நான் தீபாராதனைன்னு நெனச்சிக்கினு கண்ண கொஞ்சம் நல்லாவே மூடிட்டேன்."

"அதேதான்," என்று அப்பாதுரை பிடித்துக்கொண்டார். "எங்கால கட்னது அவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. மவராசி. ஆனா மணி அடிச்சதும் அவங்கதான?"

"வண்டிக்குப் பின்னால வரவ மணி அடிக்காம இன்னா பண்ணுவா, பாட்டா பாடுவா?" என்றாள் லில்லி.

"அடிக்கலாம்மா, யாரு வேணான்னா?" என்றார் ஏட்டு. "புள்ளையாராண்ட அடிச்சிருக்க வேணாம்."

"இந்த ஊர்ல புள்ளையாரு இல்லாத எடமா பாத்து அடிக்கணும்னா, நான் முசரவாக்கம் போய்த்தான் அடிக்கணும் ஏட்டய்யா."

"அங்கியும் ஒண்ணு இருக்குது," என்றார் அப்பாதுரை.

ஏட்டு பேனாவைத் திறந்தார். "நீங்களும் கைய எடுத்து ஒரு கும்புடு போட்டிருந்தா இவ்ளோ பேச்சே இல்ல நர்ஸம்மா."

"போட்டிருந்தா இவரு கால யாரு கட்றது?"

ஏட்டு தர்மன் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவராயிருந்தால் என் வேலை சுலபம். பிள்ளையாரைக் கும்பிட்டதால் விபத்து என்று எழுதினால் நாளைக் காலை ஊரே ஸ்டேஷன் வாசலில் நிற்கும். மாடு என்று எழுதினால் மாடு கைநாட்டு வைக்காது. தினமும் வேலைக்கு வருகிறபோது அதே முச்சந்தியில் அவரும் குட்டிக்கொண்டுதான் வருகிறார். பேனா மெதுவாக லில்லி பக்கம் நகர்ந்தது. அவளுக்காக ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்க ஊரில் யாருமில்லை என்பது ஏட்டுக்குத் தெரியும். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தெரியும். நான்தான் இவர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு ஆத்திரமாக வருகிறது. சைக்கிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்த ஒரே ஆளின் மேல் கேஸ்!

6

பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் கதையை முடித்தாக வேண்டும். கைவசம் இருப்பவை:

முதல் முடிவு. சம்பவ இடத்தைப் பார்வையிட ஏட்டு தர்மன் அதே சைக்கிளில் போகிறார். பிள்ளையார் வருகிறார். கைகள் குறுக்கே போகின்றன. ஏட்டு சாக்கடைக்குள் போகிறார். ஞானம் பிறக்கிறது. [எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே சந்தேகம். நிஜத்தில் ஏட்டுகள் சாக்கடையில் விழுந்து திருந்துவதில்லை. சாக்கடை மேல் கேஸ் போடுவார்கள்.]

இன்னொன்று. சம்பூர்ணத்துக்கு நல்லபடியாகப் பிரசவமாகி, குழந்தைக்கு லில்லி என்றே பெயர் வைத்து, அப்பாதுரை நொண்டிக்கொண்டு முன்னால் வர, மேளதாளத்தோடு சைக்கிளை ஊர்வலமாக [தூ! இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.]

மூன்றாவது. கேஸ் எழுதியாயிற்று. லில்லி வார்டில் உட்கார்ந்து கட்டுத்துணி மடிக்கிறாள். முசரவாக்கத்தில் சம்பூர்ணத்துக்கு வலி எடுக்கிறது. நர்ஸம்மா வருவாள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்கவைத்துக் கொண்டு கிளம்புகிறார்கள். பாதி வழியில் அவள்

[இல்லை. இதை நான் எழுத மாட்டேன். மலருக்காகவும் எழுத மாட்டேன், இலக்கியத்துக்காகவும் எழுத மாட்டேன்.]

7

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். லில்லி வந்து எதிரே நின்றாள். எப்படி வந்தாள் என்று கேட்காதீர்கள். நடந்துதான் வந்திருப்பாள், சைக்கிள்தான் இல்லையே.

"எழுதி முடிச்சிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. தப்பு யார் மேலன்னு இன்னும்..."

"அத நீங்க நிதானமா எழுதிக்கினு இருங்க. கமிட்டிக்காரரு காப்பி குடிச்சிக்கினே படிக்கட்டும். அந்தப் பொண்ணுக்குக் கொழந்த குறுக்க கெடக்குது சார். இன்னிக்கி போய் வயித்தப் பாத்தாகணும். எனக்கு சைக்கிள் வேணும்."

"கேஸ் இருக்கேம்மா?"

"எம்மேலயே எழுதட்டுமே. டாக்டராண்ட நாளைக்கு சண்ட போட்டுக்கறேன். சைக்கிள் இன்னிக்கி வேணும்."

நியாயம் தேடித் தருகிறேன் என்று இத்தனை பக்கம் எழுதியவன் நான். அவள் கேட்டது ஒரு வரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதோ எழுதுகிறேன்: பேனாவில் மை தீர்ந்து, ஏட்டு தர்மன் டீ குடிக்கப் போனார். சைக்கிளைப் பூட்டவில்லை.

[கமிட்டி கேட்டால் அச்சகத்துக்காரர் மேல் போட்டுவிடுகிறேன்.]

லில்லி ஏறிவிட்டாள். என்னால் முடிந்தது இவ்வளவுதான், மீதி உங்களிடம். ஏனென்றால் முசரவாக்கம் போக அவளுக்கு அந்த முச்சந்தியை விட்டால் வேறு வழியில்லை. இன்றைக்கும் பாதித் தெருவில் பாவு நீட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில் எதிரே நீங்கள் வருகிறீர்கள். லாரியில் வருகிறீர்களோ, காரில் வருகிறீர்களோ, உங்கள் இஷ்டம், எந்தப் பிரிவினர் என்று நான் கேட்கப்போவதில்லை. பிள்ளையார் பக்கத்தில் வந்துவிட்டார். உங்கள் விரல்கள் பழக்கத்தில் கொஞ்சம் தளர்கின்றன. கண்ணை மூடலாமா என்று பார்க்கிறீர்கள். எதிரே லில்லி வருவது உங்களுக்குக் கேட்காது. மணி அடிக்கக் கூடாது என்று ஸ்டேஷனில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.