எட்டுப் பல்

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள்: ஆக்சில் வேலை பார்க்கிறவன். அவன் மனைவியின் தம்பி. பக்கத்துத் தடுப்பில் வெல்டர். வண்டியை விட்டு இறங்காமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அவன் மனைவி.

மனைவி என்பது காகிதத்தில் மட்டும். ஏழு மாதமாக அவள் தம்பி வீட்டில் இருந்தாள். அவன் வாடகை வீட்டை விட்டுவிட்டுக் கொட்டகையிலேயே கட்டில் போட்டுக்கொண்டான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டைக்கும் இரண்டு பேர் வாய் திறக்க வேண்டும். பதினோரு வருடம் அவன் வேலை முடிந்து வந்தான், சாப்பிட்டான், சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். ஒரு நாள் அவள், "சுவரோட பேசினா எதிரொலியாவது வரும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். 

வண்டி ஒரு பழைய ஜீப், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வகை. முன்பு வைத்திருந்தவன் ஆசைப்பட்டு மாட்டிய ராட்சச டயர்கள் நாலும் கம்பெனி அளவைவிட நாலு அங்குலம் உயரமாக நின்றன.

"ஆட்டுக்குட்டிக்கு யானைக்கால் வச்ச மாதிரி இருக்கு" என்றார் வெல்டர்.

"ஏத்தம்னாலே மூச்சு வாங்குது மாமா" என்றான் மச்சான். "டயரை மாத்திடலாம்னா, அக்கா போற எடத்துல ஆத்துக் கல்லு மேலதான் பாதை. உயரம் இல்லாட்டி அடி தட்டிடும்."

"உங்கக்கா எங்க போறா?"

இரண்டு முழ தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் கேள்வி மச்சானிடம்தான் போனது.

"மலைமேல சின்ன ஆஸ்பத்திரி. நர்ஸ் வேலை. இந்த வண்டியை அவளே ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போகணும். இங்கேர்ந்து முந்நூறு கிலோமீட்டர்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். யார் வண்டி கொண்டுவந்தாலும் அவன் மூன்று கேள்வி கேட்பான். அதற்குப் பதில் வராமல் ஸ்பானரைத் தொடமாட்டான். எத்தனை பேர் ஏறுவீர்கள், எவ்வளவு பாரம், சமவெளிச் சாலையில் மாதத்துக்கு எத்தனை தடவை ஓடும். பெரிய டயர் மாட்டினால் சக்கரத்தைச் சுற்ற இன்ஜின் அதிகமாக முக்க வேண்டும். அதைச் சரிக்கட்ட ஆக்சிலுக்குள் இருக்கிற பினியனில், அதாவது சின்னப் பல்சக்கரத்தில், பல்லைக் குறைக்க வேண்டும். இந்த ஜீப்பில் இருந்தது பத்துப் பல். ஒன்பது போட்டால் பழைய இழுவை கிட்டத்தட்ட திரும்பி வரும், நெடுஞ்சாலையிலும் நிம்மதியாக ஓடும். எட்டு போட்டால் செங்குத்தான ஏற்றத்திலும் பாரத்தோடு ஏறும், ஆனால் சமவெளியில் இன்ஜின் அலறும். எட்டுப் பல் வண்டியில் முந்நூறு கிலோமீட்டரை யாரும் ஆசையாக ஓட்டி வரமாட்டார்கள்.

"எத்தனை பேர்?"

"அக்கா, நோயாளி, கூட ரெண்டு பேர்."

"பாரம்?"

"ஸ்ட்ரெச்சர், மருந்துப் பெட்டி, ஒரு சிலிண்டர்."

மூன்றாவது கேள்விக்கு முன்னால் அவன் கையைத் துணியில் துடைத்தான். இன்னொரு தடவை துடைத்தான். "கீழ எத்தனை தடவை வரும்?"

மச்சான் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "வரும் மாமா. மாசம் ரெண்டு, மூணு தடவை. வராம எங்க போகும்?"

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும். சிவந்த காதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒன்பதை எடுத்தான்.

அந்தப் பாரத்துக்கு, அந்த ஏற்றத்துக்கு, ஒன்பது போதாது என்பது அவனுக்குத் தெரியும். கொண்டை வளைவில் நோயாளியோடு வண்டி திணறும், கிளட்ச் கருகும். தெரிந்தேதான் பின்சக்கரங்களைக் கழற்றினான், தண்டுகளை உருவினான், ஆக்சிலின் வயிற்றைத் திறந்து பல்சக்கரங்களை வெளியே எடுத்தான். ஒன்பதுப் பல் பினியனில் பேரிங்கை வைத்து அழுத்தும்போது கை எப்போதும்போல நிதானமாக இருந்தது. மனசுதான் மாதம் இரண்டு, மாதம் மூன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மச்சான் டீ வாங்கப் போனான். ஜாக்கியில் நின்ற வண்டியிலிருந்து அவள் குதித்து இறங்கி மேஜைப் பக்கம் வந்தாள். பினியனைக் கையில் எடுத்துச் சுற்றினாள். உதடு அசைந்தது.

"ஒம்பதா?"

"ம்."

"நீங்க கேட்ட மூணு கேள்விக்கும் ஒம்பதுதான் வருதா?"

 கல்யாணமான புதிதில் அவன் அவளிடம் வாய் ஓயாமல் பேசிய ஒரே விஷயம் பல் கணக்குதான். அவளுக்கு அது மறக்கவில்லை.

"உன் தம்பி மாசம் ரெண்டு தடவைன்னான்."

"அவன் சொல்வான். அவனுக்கு உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு." பினியனை மேஜையில் வைத்தாள். "எனக்கு எட்டு போடுங்க."

"எட்டு போட்டா..."

"தெரியும். எட்டு போடுங்க."

வெல்டர் கண்ணாடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு எதையோ பற்றவைக்கத் தொடங்கினார்.

அவன் ஒன்பதை ப்ரெஸ் எந்திரத்தில் வைத்து பேரிங்கைக் கழற்றினான். எட்டை எடுத்தான். பல்லோடு பல் சரியாகப் பொருந்த இடையில் தகடு வைத்து, அளந்து, எடுத்து, மெல்லிய தகடு வைத்து, மறுபடி அளந்தான். பல் உரசும் இடம் தெரிய மஞ்சள் மை தடவிச் சுற்றிப் பார்த்தான். மை ஓரத்தில் பட்டது. இப்படியே விட்டால் ஆறு மாதம் ஓடும், அப்புறம் ஊளையிடும், வண்டி இங்கேதான் வந்தாக வேண்டும். அவன் எல்லாவற்றையும் கழற்றி இன்னொரு தகடு மாற்றினான். மூன்றாவது தடவை மை பல்லின் நடுவில் விழுந்தது. மச்சான் வாங்கி வந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்கள். அவள் ஓட்டினாள், தம்பி பக்கத்தில். அவன் வண்டிக்குள் பின்பக்கத் தரையில் குந்தி, தலையைக் குனிந்து ஆக்சிலுக்குக் காது கொடுத்தான். வழக்கமாகவே அப்படித்தான் கேட்பான். மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகாமல் ஏறியது. இறங்கிச் சமதரைக்கு வந்ததும் இன்ஜின் கத்தியது.

"கத்துதே" என்றாள்.

"கத்தும். ஆக்சில் கத்தல. அதுதான் முக்கியம்."

கொட்டகை வாசலில் வண்டி நின்றது. புதுப் பல் போட்ட ஆக்சில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெய் மாற்ற வேண்டும். அதற்கு எல்லா வண்டியும் அவனிடம்தான் திரும்பி வரும். மச்சான் வாயெடுத்தான்: "ஆயில் மாத்த இங்கதானே மாமா..."

அவன் உள்ளே போய் ஒரு டின் எண்ணெயும் ஒரு ஸ்பானரும் கொண்டுவந்து பின்னால் வைத்தான். அவளிடமே சொன்னான்: "அங்கேயே மாத்திக்கலாம். கீழ் போல்ட்டைக் கழட்டி வடிய விடு. மேல் ஓட்டைல வழியிற வரைக்கும் ஊத்து. மீட்டர் இனிமே கூடுதலாக் காட்டும். நூறுன்னா தொண்ணூறு ஓடியிருக்கும். அதனால ஐந்நூத்தம்பதுல மாத்து. மேல் போல்ட்டை ரொம்ப முறுக்காதே, மரை தேஞ்சிடும்."

அவள் இருக்கையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். "கல்யாணப் புதுசுல சொன்ன பல் கணக்குக்கு அப்புறம், பதினோரு வருஷத்துல ஒரே மூச்சுல இவ்வளவு பேசினது இன்னிக்குத்தான்."

அவன் டின்னின் மூடியை ஒரு தடவை இறுக்கினான். அவ்வளவுதான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை இன்ஜின் சத்தம் கேட்டது. அப்புறம் மற்ற வண்டிகளின் சத்தத்தோடு கலந்துவிட்டது. அவன் ஒன்பதைத் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தான். கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

வெல்டர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கொட்டகைச் சாவி அவரிடம்தான் இருக்கும்; அவன் உள்ளே படுத்திருந்தாலும் ராத்திரி வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். வாசலில் நின்று, "என்னோட வரியா? வீட்டுல சோறு இருக்கும்" என்றார்.

"இல்லண்ணே. நீங்க போங்க."

"உள்ளதான் இருக்கப் போறியா?"

"உள்ளதான்."

அவர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே பூட்டு விழுந்தது. பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.