குறியீடு அனுப்பப்பட்டது

21 ஆகஸ்ட் 2025, வியாழன்

…தவறு சிறியதுதான், முதலில் அதை எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் கிளவுட் கணக்கைத் திறந்தபோது என் எண்ணுக்குப் பதிலாக அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன், மாற்ற வேண்டும் என்று ஞாயிறுதோறும் இதே டைரியில் எழுதினேன், மாற்றவில்லை. அவசரத்துக்கு என்று தந்த ரகசிய எண்களையாவது தாளில் எடுத்திருக்கலாம், அவற்றுக்கு அழகாகப் பெயரிட்டு அந்தக் கணக்குக்குள்ளேயே சேமித்தேன், பெட்டியைப் பூட்டும் முன் சாவியை உள்ளே வைத்தவள் நான்… இத்தனை நாள் இந்த லேப் கணினிக்கு என்னை ஞாபகம் இருந்ததால் எதுவும் கேட்கவில்லை. இந்த வாரம் எல்லாக் கணினிகளையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார்கள், இப்போது நீ யார் என்கிறது. பாஸ்வேர்டு சரி. அடுத்தது, ‘27 என்று முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பப்பட்டது.’ கட்டம் காலியாக இருக்கிறது, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அதன் முன்னால் டைரியை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலை வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

அனுப்பப்பட்டது என்றால், எங்கே? ஜெகதாப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகில் அண்ணன் சவரியப்பனும் இருந்தான், எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகோடு பிடித்து இலங்கைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், போன சனிக்கிழமை. போனை அவன் பாலித்தீன் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித்தான் வைத்திருப்பான். அந்தக் கவரோடு ஏதோ ஒரு மேசை இழுப்பறையில், மற்றவர்களின் போன்களோடு சேர்ந்து கிடக்கலாம், நான் ஒவ்வொரு முறை ‘மீண்டும் அனுப்பு’ என்று அழுத்தும்போதும் அங்கே ஒரு வெளிச்சம் வந்து போகிறதா? சார்ஜ் எப்போதோ தீர்ந்திருக்கும். அந்தக் கரையில் நம்ம சிக்னல் ஏது. தெரிந்தும் இன்னொரு முறை அழுத்தினேன், அழுத்தியபின் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்கிறது, பொறுத்தேன்.

கணக்குத் திறந்தது ஜூன் மாதத் தொடக்கத்தில், மீன்பிடித் தடைக்காலம் முடியாத நேரம், படகெல்லாம் கரையில், அவனுக்கு வேலை இல்லை. விடுதிக்குக் கருவாடு கொண்டுவந்தவன் என்னோடு லேப் வாசல் வரை வந்துவிட்டான். என் போனில் ரீசார்ஜ் முடிந்து குறுஞ்செய்தி வரவில்லை. “என் நம்பரப் போடு பாப்பா, நான் எங்கிட்டுப் போகப் போறேன்” என்றான். குறியீடு வந்ததும் அதைச் சாதாரணமாகச் சொன்னானா, ஏலக்கூடத்தில் நண்டுக்கு விலை கூப்பிடுகிற குரலில், “நாலு… நாலு… அடுத்தது ஏழு, கேக்குறவங்க கேளுங்க” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவினான். எங்கள் லேப் ஆசிரியை இந்துமதி மேடம் எட்டிப் பார்த்து, “யாருங்க அது, இது மார்க்கெட்டா?” என்றார். எனக்கு வெட்கம். மெதுவாச் சொல்லேன்டா என்று பல்லைக் கடித்தேன். அவன் வெட்கப்படவில்லை… பிறகு எங்கள் குழுவின் செயல்திட்டமே அவனால்தான் வந்தது, துறைமுகத்தில் அன்றன்று விற்ற மீன் விலையைக் காட்டும் ஒரு பக்கம், கரையில் இருக்கிற நாளெல்லாம் காலையில் விலை சொல்லி அனுப்புவான், நான் ஏற்றுவேன். அந்தப் பக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் இப்போதும் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நண்டு, கணவாய், வெள்ளை இறால், அவன் கடைசியாகச் சொன்ன விலையோடு அப்படியே நிற்கிறது, சர்வருக்கு என்ன தெரியும். அதை மாற்றவோ நிறுத்தவோ என்னால்தான் முடியும், என்னாலும் முடியாது.

பகலெல்லாம் நான் இதைத்தானே மற்றவர்களிடம் கேட்கிறேன், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஆன்லைன் சேவைக் கடையில். போன் கொண்டாந்தீங்களா, ஓடிபி வரும்ல. இன்று காலை அன்னவாசலிலிருந்து வந்த வீரய்யா என்கிற பெரியவர், நம்பர் மகன் பேரில், மகன் திருப்பூரில், மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. “அவன் வேல நேரம் தாயி, எடுக்க மாட்டான், நீயே ஏதாச்சும் போட்டு விடேன்” என்றார். அப்படியெல்லாம் போட முடியாதுங்க, அடுத்து யாரு வாங்க, என்றேன். அதில் என்ன தவறு, விதி அதுதானே… அவர் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாரா? கவனிக்கவில்லை.

பக்கத்து இருக்கையிலிருந்து செந்தமிழன் மறுபடி எட்டிப் பார்க்கிறான். எங்கள் குழுவில் மூன்றே பேர், இவன், திலகவதி, நான். வல்லத்திராக்கோட்டையிலிருந்து பைக்கில் வருகிறவன், வாய் சும்மா இருக்காது. “என்ன அட்மின் மேடம், கோட்டை தொறந்துச்சா?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஷீபா, ஒங்க அண்ணன் விசயம் தெரியும். ஆனா நாளைக்குள்ள தொறக்கலன்னா கணக்க முடக்கிருவாங்க, சனிக்கெழம மேடம்கிட்ட என்னத்தக் காட்டுறது, மூணு பேருக்கும் முட்டைதான். அந்த டிக்கப் போட்டு விடேன், ஒரு டிக்தானே” என்றான். ஒரு டிக்தான். தொழில்நுட்பப் பிரிவு சுந்தரேசன் சாரும் அதையேதான் சொன்னார். “பழைய நம்பர எடுத்துட்டு ஒன் நம்பரப் போட்டுத் தரேம்மா, நீ ஆன்லைன் ஃபாரத்துல இருக்குற அந்தக் கட்டத்துல டிக் பண்ணி அனுப்பிரு, அஞ்சு நிமிச வேல.” கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது: ‘இந்த எண் நிரந்தரமாக இழக்கப்பட்டது.’ தற்காலிகமாக என்று ஒரு கட்டம் இல்லை. கைதுசெய்யப்பட்டது என்று இல்லை. எண்ணைத்தான் சொல்கிறது, ஆளை இல்லை, எனக்குப் புரியாதா? புரிந்தும் நேற்று சுட்டியை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். கோர்ட்டு, வாய்தா, வீடியோவில் ஆஜர்… விட்டுவிடுவார்கள், போன வருஷம் பிடித்தவர்களை விட்டார்கள், எல்லோரையும் இல்லை.

மதியம் அம்மா கூப்பிட்டாள். நன்றாகத்தான் பேசினாள் என்று எழுத நினைத்தேன். இல்லை, நடந்ததை எழுதுகிறேன். கடையில் கூட்டம், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டைப் அடித்தபடியே கேட்டேன். “ஏடி ஷீபா, மீனவர் சங்கத்து ஆளுக பாத்துட்டாகளாம், சவரிய பாத்தாகளாம்…” என்றாள். நான், “போனு யாருகிட்ட இருக்காம்மா? அவன்கிட்டயே இருக்கா?” என்றேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். “போனு கெடக்கட்டும்டி. கையில கட்டுப் போட்டிருக்கானாம்” என்றாள். எந்தக் கை என்று கேட்பதற்குள் ஜெராக்ஸுக்கு ஒருவர் தாளை நீட்டினார், அப்புறம் பேசுறேன்மா என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை. நேரே இங்கே வந்து, நான்கு முறை, இல்லை, ஐந்து முறை ‘மீண்டும் அனுப்பு’ அழுத்தினேன்.

கட்டத்தில் டிக் போட நான் ஏன் தயங்குகிறேன் என்று நேற்று முழுக்க யோசித்தேன், பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியென்றால் மதியம் முதலில் வாயில் வந்தது ஏன் அந்தப் போன்?… திரை தானாகவே மங்கிவிட்டது, அமர்வு காலாவதியானது என்கிறது. மேடம் விளக்கை அணைக்க எழுந்துவிட்டார்.

நாளை: காலையில் கடை திறக்கும் முன் அம்மாவைக் கூப்பிட வேண்டும், எந்தக் கை என்று கேட்க வேண்டும், போனைப் பற்றிக் கேட்கக் கூடாது. பதினொரு மணிக்கு சுந்தரேசன் சார்.