வீரம்மாளோட வலது கால்

வீரம்மாளோட வலது காலுக்கு டாக்டர் பாண்டியன் பத்து நாள் தவணை கொடுத்திருந்தார். அதுக்குள்ள பாதத்துப் புண்ணுல கொஞ்சமாவது சிவப்பு ஏறணும். ஏறலன்னா கணுக்காலோட எடுத்துடறதுதான் வழி. மக இனியா அழுதுகிட்டே சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. அது கேஸ் ஃபைலுக்குள்ள மடங்கிக் கிடந்தது.

விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனி ஒண்ணுல இருபத்தஞ்சு வருஷமா அச்சுல பொம்மை வார்க்கிறவங்க வீரம்மாள். சக்கரை வியாதி. கால் மரத்துப்போய், உடைஞ்ச பொம்மை ஓடு குத்துனதே தெரியல. நாத்தம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நாள் பூரா நின்னுகிட்டுச் செய்யிற வேலை அது. கால் போனா வேலையும் போச்சு, அவ்வளவுதான் கணக்கு.

வார்டு நர்ஸ் சமீரா, கடைத்தெரு பாத்திரக்கடை அப்துல் குத்தூஸோட மக. ஊசி மருந்து வேளைக்குப் போகுது, சக்கரை அடங்கியிருக்குது, கட்டையும் அவளே தன் கையால தினம் மாத்துறா. அப்படியும் காலையில கட்டைப் பிரிச்சா புண்ணு மேல வெள்ளையா ஒரு பொருக்கு. சமீராவுக்கு எரிச்சல் எரிச்சலா வந்தது. யார் மேலன்னே தெரியாத எரிச்சல், அதுதான் இருக்கறதுலயே பொல்லாதது.

மூணாம் நாள் உப்புத்தண்ணியால நனைச்சுப் பார்த்தா. சீழா இருந்தா இளகியிருக்கணும். இது இறுகிச்சு. விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறங்குது. நிமிர்ந்து வீரம்மாளைப் பார்த்தா, அவங்க ஃபேனைப் பார்த்தாங்க. தலையணைக்கு அடியில வெத்தலைப் பை இருந்தது. அதுக்குள்ள பொட்டலம், பொட்டலத்துல வெள்ளை மாவு. அச்சு செய்யிற பிளாஸ்டர் மாவு!

"ஏம்மா, உங்களுக்குக் கால் வேணுமா வேணாமா?"

வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திட்டா. வீரம்மாள் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க. சமீரா பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பையில போட்டுட்டு, ஜெயிச்ச மாதிரி நடந்து போனா. என்னத்த ஜெயிச்சா? மறுநாள் காலையில கட்டைப் பிரிச்சா, அதே வெள்ளை. பார்க்க வந்த கம்பெனிக்காரிங்க புதுப் பொட்டலம் கொண்டாந்து கொடுத்துட்டுப் போயிருந்தாங்க.

இன்னும் ஆறு நாள்.

நர்சிங் காலேஜ்ல மொத வருஷம் ஒரு பேப்பர் உண்டு. ஆளு, அவங்களைச் சுத்தியிருக்கிற எடம், அவங்க சுகம், நர்சோட வேலை, இந்த நாலும் சேர்ந்ததுதான் நர்சிங்னு ராகம் போட்டு மனப்பாடம் பண்ணணும். நோயைப் பார்க்கறதுக்கு முந்தி நோயோட வந்திருக்கிற ஆளைப் பார்க்கணும்னு பக்கம் பக்கமா இருக்கும். ஊசி போடக் கத்துக்க வந்தவளுக்கு இது எதுக்குன்னு சமீரா கொட்டாவி விட்ட பேப்பர். பார்டர்ல பாஸ். அந்தப் பாழாப்போன பேப்பர் இன்னிக்கு ஞாபகத்துக்கு வந்தது. இந்த அம்மாகிட்ட நாலு நாளா ஒரு கேள்வியாவது கேட்டிருக்கோமா?

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"அம்மா, திட்ட வரல. இந்த மாவு என்னா செய்யும்னு போட்டீங்க? சொல்லுங்க."

வீரம்மாள் எழுந்து உக்காந்தாங்க.

"களிமண்ணக் கூழாட்டம் கரைச்சு அச்சுல ஊத்துவோம். அச்சு பிளாஸ்டர்ல செஞ்சது. கொஞ்ச நேரத்துல ஈரத்த உறிஞ்சிக்கும், பொம்மை கெட்டியாயிடும். எங்க கம்பெனில யார் கைய அறுத்துக்கிட்டாலும் இந்த மாவுதான். என் புண்ணு நீர் வுட்டுக்கினே இருக்குது. நீ என்னாடான்னா தெனம் ஈரத்துணிய வெச்சுக் கட்டுற. ராத்திரி நான் கட்ட அவுத்து இதத் தூவிக் காய வெச்சேன்."

சமீராவுக்குச் சிரிப்பு வரல. இருபத்தஞ்சு வருஷம் கண்ணால பார்த்ததை நம்பாம, நாலு நாள் பழக்கமான ஒருத்தி கத்துனதை எப்படி நம்புவாங்க?

"அச்சுலேர்ந்து எடுத்த பொம்மைய ஒடனே வெயில்ல வெப்பீங்களா?"

"நல்லா கேட்ட போ. விண்டு போயிடும். நெழல்ல, ஈரத்துணி போட்டு மூடி, மெள்ளமாத்தான் காய வெக்கணும்."

"புண்ணும் அப்படித்தாம்மா. அடியிலேர்ந்து புதுச் சதை வளர லேசா ஈரம் வேணும். சட்டுனு காய வெச்சா மேல பொருக்குக் கட்டும், உள்ள அழுகும்."

வீரம்மாள் தன் காலையே பார்த்துகிட்டு இருந்தாங்க. அப்புறம் முந்தானை முடிச்சை அவுத்து, இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாங்க.

"இத மொத நாளே சொல்லியிருந்தா என்னா?"

நியாயமான கேள்வி.

அன்னிக்கே டாக்டர்கிட்ட சொன்னா. அவர் வந்து புண்ணைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினார். தவணையை மட்டும் நீட்டல. அதுக்கப்புறம் காவல் வீரம்மாளே. காலைத் தலையணை மேலேர்ந்து இறக்கறதில்ல. கம்பெனிக்காரி எவளாவது பொட்டலத்தோட வந்தா வாசலோட திருப்பி அனுப்புறது. கட்டு மாத்த அஞ்சு நிமிஷம் லேட்டானா, "பொண்ணு, துணி காஞ்சிடப் போவுது" ன்னு குரல் வந்துடும்.

பத்தாம் நாள் காலையில டாக்டர் வந்தார். இனியா முகத்தைத் திருப்பிக்கிட்டா. சமீரா கட்டைப் பிரிச்சா. டாக்டர் குனிஞ்சு புண்ணோட ஓரத்தைப் பஞ்சால ஒத்தினார். பொட்டு மாதிரி ரத்தம் துளிர்த்தது. ஓரம் பூரா நல்ல சிவப்பு.

"புதுச் சதை," ன்னார். "யார் கட்டுப் போடறது?"

"நானும் இந்தப் பொண்ணுந்தான் சார்," ன்னாங்க வீரம்மாள்.

டாக்டர் ஃபைலேர்ந்து அந்தத் தாளை எடுத்து நாலாக் கிழிச்சு இனியா கையில கொடுத்தார். இனியா அம்மாவைக் கட்டிக்கிட்டு அழுதா, இந்தத் தடவை சந்தோஷத்துல. சமீரா பழைய துணியைத் தட்டுல போட்டுட்டு, புதுத்துணியை எடுத்து நனைச்சா. எத்தனையோ பரிட்சை எழுதியிருக்கா, எதுலயும் இப்படி ஒரு பாஸ் பார்த்ததில்ல.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில வீரம்மாள் ஆஸ்பத்திரிக்குள்ள வந்தாங்க. அளவெடுத்துத் தைச்ச செருப்பு, ரெண்டு காலும் தரையில. பின்னாடியே கம்பெனிக்காரிங்க நாலு பேரு, பழைய பொட்டலக்காரிங்கதான்.

"காட்டுடி கனகா," ன்னாங்க.

கனகா கையை விரிச்சா. உள்ளங்கையில நீளமா ஒரு வெட்டு, அது நெறைய வெள்ளை மாவு. சமீராவுக்குச் சுருக்குனு திட்டு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

"திட்டாத," ன்னாங்க வீரம்மாள். "மொதல்ல கேளு."

சமீரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா.