நூற்றைம்பதில் அடிக்கும் மணி

தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை. கறையோடு வந்த பட்டுப்புடவைகளைத் பெயின்ட் கலக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்து, புதுசாக்கிக் கீழே அனுப்புகிற இடம். போன மாதம் அங்கே வேலை செய்யும் பொன்மணி, ஒரு மாம்பழக் கலர் புடவை மேலேயே மயங்கி விழுந்தாள். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அண்ணாச்சி முதலில் சொன்னார். பொன்மணியைப் பற்றி அடுத்ததாகச் சொன்னார். காற்றில் தின்னர் ஆவி கூடினால் அடிக்கிற மணி ஒன்று வைத்தே தீர வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் தரமணியிலிருந்து வந்து நான் அந்தப் படிகளை ஐந்தாம் முறையாக ஏறிக்கொண்டிருந்தேன்.

நான் விற்பது தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடும். ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோலை உரித்து ஒரு பூச்சு பூசியிருப்போம். ஆவி பட்டால் பூச்சு உப்பும், வெளிச்சம் மங்கும், வாசலுக்கு வெளியே இருக்கும் பெட்டி அதை எண்ணாகக் காட்டும். அறைக்குள் கரண்டே போகாது, பொறி பறக்காது. இதை நான்கு முறை சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சி நான்கு முறையும் காபி வாங்கிக் கொடுத்தார்.

"எத்தனையில அடிக்கும்?" என்றார் இன்றைக்கு.

"நூறுல, அண்ணாச்சி."

"எரநூறு வைங்க."

"இது வெல இல்ல அண்ணாச்சி. காத்துல எவ்வளவு தின்னர் இருக்குங்கற அளவு."

"எல்லா அளவுலயும் கொஞ்சம் எளக்கம் உண்டும், தம்பி. நூத்தி எம்பது. கடைசி."

மணி அடித்தால் எல்லோரும் கீழே இறங்கி அரைமணி நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. அவர் கவலை அது. ஆதரவு தேடி, தரையில் உட்கார்ந்து ஜரிகை ஓரம் துடைத்துக்கொண்டிருந்த பொன்மணியைப் பார்த்தேன். அவள் நிமிரவே இல்லை.

"அவரு சொல்றதயே வை, நைனா."

"நீங்கதானேக்கா விழுந்தீங்க?"

"வுயுந்தேன், எய்ந்தேன். மணி அட்ச்சா கீய போயி குந்திக்கினு இர்க்கணும். அந்த வேலய அப்பால யாரு முடிப்பா, உங்க நைனாவா? பெரும்பாக்கம் பஸ்ஸு போய்டும். வூட்ல பொண்ணு தனியா கீது."

அடையாற்றங்கரையில் குடிசை இருந்தவரை அவள் நடந்தே வந்து போனவள். குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது இரண்டு பஸ்.

குறைத்துக் கேட்கிற பேரம்தான் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. இங்கே பணம் கொடுப்பவரும் கூட்டிக் கேட்கிறார், மூச்சு விடுகிறவளும் கூட்டிக் கேட்கிறாள். குறைத்துக் கேட்க என்னைத் தவிர நாதியில்லை. எனக்கோ முட்டி வலி.

"சரி, ஒமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "நூத்தம்பது."

முடியாது என்று இறங்கிப் போகலாம். நாளைக்கே ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து எவனாவது வந்து, அடிக்கவே அடிக்காத மணி ஒன்றை மாட்டிவிட்டுப் போவான்.

அப்போதுதான் மேலே பார்த்தேன். போன முறை நான் சோதனைக்கு விட்டுப்போன இழையைக் கடை எலக்ட்ரீஷியன் சாமி படம் மாதிரி கூரை ஓரத்தில் மாட்டியிருந்தான். தின்னர் ஆவி காற்றைவிட கனம், கீழேதான் தங்கும். இழையை அவிழ்த்துத் தரையோரம் பிடித்துவிட்டு வெளியே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். மேலே அறுபது காட்டியது, கீழே நூற்று எழுபது காட்டியது.

துணி விற்ற வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். விலையில் விட்டுக்கொடுக்கிறவன் முழத்தில் பிடிப்பான்.

"நூத்தம்பதே இருக்கட்டும், அண்ணாச்சி. இழைய எங்க கட்டறதுங்கறது மட்டும் என் இஷ்டம்."

"எங்கயும் கட்டிக்கிடுங்க," என்று ஜெயித்த முகத்தோடு அவர் இறங்கிப் போனார். பொன்மணி உட்காரும் இடத்தில், அவள் மூக்கு உயரத்தில் கட்டினேன். நூற்றைம்பது நல்ல காற்று இல்லை. அந்த உபரி ஐம்பதை விற்றவன் நான்தான்.

முதல் நாள் மணி மூன்று முறை அடித்தது. மறுநாள் ஐந்து முறை. மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏமாத்திட்டிய, தம்பி."

"நூத்தம்பதுலதான் அடிக்குது, அண்ணாச்சி. பெட்டியப் பாருங்க."

"யாவாரி மவன்லா," என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் சரிபார்க்கப் போனேன். அறை காலி. பெட்டி நான்கு என்று காட்டியது. வேலை மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அங்கே மணியும் வேண்டாம், வேலையும் நிற்காது. மே மாத வெயில். பட்டு வெளுத்துவிடும் என்று புடவைகளுக்கு மேலே மட்டும் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பொன்மணியின் கை நிழலில் இருந்தது, முதுகு வெயிலில். தலையில் ஈரத்துண்டு.

"தல சுத்துதாக்கா?"

"இல்ல. மண்ட காயுது. அது வேற."

"பஸ்?"

"கெடைக்குது." ஒரு காபிக் கறையைத் தேய்த்தபடி கேட்டாள்: "ஏன் நைனா, வெயிலுக்கும் இப்டி ஒரு மணி கீதா?"

இருக்கிறது. அதே இழைதான், பூச்சுகூட வேண்டாம். பைக்குள் கேட்டலாக்கில் இரண்டாம் பக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இர்ந்தா அண்ணாச்சியாண்ட சொல்லிடாத."

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவள் அடுத்த புடவையை எடுத்து விரித்தாள்.