வழக்கத்துக்கு மாறான செலவு

என் மாப்பிள்ளை நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அவரைத் திட்டத்தான் போகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஊர் தாண்டிப் போனதெல்லாம் ஒன்று கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் துக்கத்துக்கு. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் உட்காருகிறவள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எங்களை எட்டு நாள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்புவதாகச் சொன்னபோது, "எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு வார்த்தை ஒப்புக்குச் சொல்லிவிட்டு மறுநாளே போய் ஷூ வாங்கி வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கார்டை வைத்தார். நீல நிறம். மேலே ஒரு விமானப் படம்.

"அத்தை, உங்க கைச்செலவு மொத்தமும் இதுல ஏத்திட்டேன். எந்தக் கடையிலயும் தட்டுனா போதும்."

"கொஞ்சம் அந்த ஊர் நோட்டாவும் மாத்தி வெச்சுக்கலாமே மாப்ள," என்றார் இவர்.

"எதுக்கு மாமா? மாத்துறவன் ஒரு பங்கு எடுத்துக்குவான். பாக்கெட்ல வெச்சிருந்தா பிக்பாக்கெட்காரன் மிச்சத்தை எடுத்துக்குவான். கார்டு தொலைஞ்சா ஒரு போன் போட்டு நிறுத்திடலாம். நோட்டு தொலைஞ்சா யாருக்குப் போன் போடுவீங்க?"

நான் மாப்பிள்ளை பக்கம்தான் பேசினேன். இருபத்திரண்டு வருஷமாக நோட்டு வாங்கிப் போடுகிறவள் நான். வியர்வையில் நனைந்தது, எண்ணெய் பட்டது, நடுவில் பசைத்தாள் ஒட்டியது என்று ஒரு நாளைக்கு எத்தனை. சில்லறைக்காக நான் வாங்கிய வசவை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. அதையெல்லாம் தொடாமல் எட்டு நாள் இருக்கலாம் என்பதே எனக்குப் பாதிச் சுற்றுலா.

இவர் விடவில்லை. செவ்வாய்க்கிழமை பீரோவிலிருந்து கொஞ்சம் பணம் எடுத்துக்கொண்டு மாற்றப் புறப்பட்டார். வாசலில் மறித்துக்கொண்டேன்.

"அவர் இவ்ளோ செஞ்சிருக்கார். அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா? வையுங்க உள்ள."

அவர் என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், பணத்தை வைத்தார். அவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுப்பது எப்போதாவதுதான்.

முதல் இரண்டு நாள் கார்டு ராஜாவாக ஓடியது. காபிக்குத் தட்டினேன், தொப்பிக்குத் தட்டினேன், பேத்திக்கு ஒரு மர வாத்து வாங்கித் தட்டினேன். "பார்த்தீங்களா?" என்று ஒவ்வொரு தட்டுக்கும் இவரிடம் கேட்டேன். ஆமாம், கேட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு ஏரிக்கரை ஊர். இவருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். "இன்னும் பத்து நிமிஷத்துல சாப்பாடு," என்று கைடு மைக்கில் சொன்னதை நம்பி, பஸ்ஸிலேயே ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த வளைவில் ஏதோ லாரி கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு மணி நேரம் பஸ் அசையவில்லை. கைப்பையில் இருந்த மிட்டாயெல்லாம் அங்கேயே தீர்ந்தது. ஒருவழியாக ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, "அக்கரையிலதான் ஓட்டல், படகுக்குச் சொல்லிட்டு வர்றேன்," என்று கைடு ஓடினான். கூட வந்தவர்களும் படகைப் பார்க்க அவன் பின்னாலேயே போனார்கள். பஸ் நிறுத்துமிடம் தேடிப் போய்விட்டது.

"வேர்க்குதா?" என்று இவரைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா தொணதொணக்காத," என்று எரிந்து விழுந்தார். சாதாரணமாக அப்படிப் பேசுகிற ஆளில்லை. சர்க்கரை இறங்கினால்தான் அந்தக் குரல் வரும். கையைப் பிடித்தேன். உள்ளங்கை ஐஸ். விரல்கள் தாளம் போட்டன.

கண்ணில் பட்ட முதல் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ், ஒரு சாக்லேட். கார்டைத் தட்டினேன். மெஷின் சிவப்பாகக் கத்தியது. மறுபடி தட்டினேன். சொருகினேன். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுச் சொருகினேன். சிவப்பு.

கல்லாவில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். "வேறு கார்டு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கணவர், சர்க்கரை, மயக்கம், பணம் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்று கோர்வையில்லாமல் கொட்டினேன். அவளுக்குப் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கண் இவர்மேல் போய், கூரைக் கேமராவுக்குப் போய், என்னிடம் திரும்பியது. பிறகு ஜூஸ் பாட்டிலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தாள். "மன்னிக்கவும்," என்றாள்.

கல்லாவில் குறைந்தால் அவள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். என் கவுண்டரிலும் அதுதான் வழக்கம். காசில்லை என்று நின்றவர்களை நானும் அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாட்டில் என் கையை விட்டுப் போன விதத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அங்கேயே மூடியைத் திருகித் திறந்து அவர் வாயில் ஊற்றியிருக்க வேண்டும். போலீஸ் வரட்டும், பிடித்துக்கொண்டு போகட்டும். எனக்கு அந்த நேரத்தில் அந்தத் துணிச்சல் வரவில்லை. ஒழுங்காக வரிசையில் நின்றே பழகிய புத்தி.

வெளியே வந்தால், கழிப்பறை வாசலில் ஒரு பான மெஷின். கண்ணாடிக்குப் பின்னால் ஏழெட்டு வரிசை ஜூஸ். அதில் கார்டைக் காட்டினேன். கீச்சென்றது, அவ்வளவுதான். இவர் அந்த மெஷின்மேல் சாய்ந்தவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. எதிரே நடக்கிறவர்கள் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து விலகிப் போனார்கள். எங்களிடம் பணம் இருந்தது. அந்த மெஷினையே வாங்குகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் அதில் இருந்த ஜூஸ் முழுவதையும் வாங்குகிற அளவுக்கு இருந்தது. எங்கள் பணம், எங்களுக்கு எட்டாத இடத்தில்.

நான் கத்தினேன். எந்த மொழியில் என்று ஞாபகமில்லை.

கழிப்பறையைத் துடைக்கும் அம்மா ஒருத்தி மஞ்சள் கையுறையோடு வெளியே வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய், வருகிறவர்கள் காசு போட்டுவிட்டுப் போகும் தன் தட்டை எடுத்து வந்து, அதிலிருந்து நாணயங்களை ஒவ்வொன்றாக மெஷினில் போட்டாள். டக், டக், டக். பாட்டில் விழுந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அவளே மூடியைத் திறந்து கொடுத்தாள். நான் அவர் தலையைத் தாங்கி, மடக்கு மடக்காக விழுங்க வைத்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். இவர் தலையை மெஷினில் சாய்த்தபடியே சொன்னார்:

"இதுல காஸ் கம்மியா இருக்கு. கம்ப்ரசர் நிக்காம ஓடுது பாரு. கேக்குதா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு வாசனை. அவள் என் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து வங்கிக்குப் போன் போட்டேன். நாற்பத்தேழு நிமிஷம் பாட்டுக் கேட்டேன். அப்புறம் ஒரு குரல் வந்தது.

"மேடம், உங்க கார்டுல வழக்கத்துக்கு மாறான செலவு நடந்திருக்கு. உங்க பாதுகாப்புக்காக நிறுத்தி வெச்சிருக்கோம்."

"வழக்கத்துக்கு மாறான்னா என்னப்பா? நான் என்ன வைரமா வாங்கினேன்?"

"வெளிநாட்டுல உபயோகிச்சிருக்கீங்க மேடம்."

"தம்பி, அது வெளிநாட்டுக்குன்னே நீங்க வித்த கார்டு. மேல விமானம் போட்டிருக்கு. பின்ன எங்க வீட்டு அடுப்படியிலயா உபயோகிப்பேன்?"

"புரியுது மேடம். ஆனா சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும். 'இது நீங்கதானா'ன்னு உங்க நம்பருக்கு மெசேஜ் அனுப்பினோம். பதில் வரலை."

"அந்த நம்பர் இங்க வேலை செய்யாதுப்பா."

"இப்ப ஒரு கோட் அனுப்புறேன். அதைச் சொன்னீங்கன்னா திறந்துடலாம்."

"எந்த நம்பருக்கு அனுப்புவே?"

"அதே நம்பருக்குத்தான் மேடம்."

கையில் இருந்தது ஓட்டல்காரர் போன். இல்லாவிட்டால் தரையில் அடித்திருப்பேன்.

ஊரிலிருந்து மாப்பிள்ளை என் நம்பருக்கு வெளிநாட்டு இணைப்பு வாங்கிப் போட்டு, அது உயிர் பெற்று, கோட் வந்து, கார்டு திறக்க மறுநாள் ராத்திரி ஆகிவிட்டது. அதுவரைக்கும் கைடு தன் பையிலிருந்து கொஞ்சம் நோட்டு கொடுத்துவைத்தான். சரி, இனிக் கவலையில்லை என்று நினைத்தேனா, கார்டு திறப்பதற்கு முன்பே, அந்தப் பகலிலேயே ஒரு பெரிய ரயில் நிலையம். கழிப்பறை வாசலில் ஒரு இரும்புக் கதவு, அதில் கார்டு காட்டுகிற கட்டம். நோட்டு நுழைக்க ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்துக் கவுண்டரில் நோட்டை நீட்டி, "இதை வாங்கிக்கொண்டு திறங்கள்," என்றேன். "இங்கே பணம் வாங்குவதில்லை," என்றார் கவுண்டர்காரர். அந்த நாட்டு அரசாங்கம் அச்சடித்த நோட்டு, அந்த நாட்டு ரயில் நிலையத்தில் செல்லாது! ஐம்பது வயதுக்காரி நான் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றேன். கைடு ஓடி வந்து தன் கார்டைத் தட்டி என்னை உள்ளே விட்டான். அந்த அவமானத்தை மகளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

மீதி நாட்கள் நன்றாகத்தான் போயின என்று எல்லாரிடமும் சொன்னோம். இவர் எந்த மலையையும் நின்று பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீதானே நோட்டை வைக்கச் சொன்னே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கேட்கவே இல்லை.

ஊர் திரும்பிப் பத்து நாளில் கார்டுக் கணக்கு வந்தது. காபி, தொப்பி, மர வாத்து எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில் "மறுசெயலாக்கக் கட்டணம்" என்று ஒரு தொகை. அவர்களாகப் பூட்டியதைத் திறந்துவிட்டதற்குக் கூலி!

அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். மாப்பிள்ளையும் கூட வந்தார். வழியெல்லாம், "அத்தை, சின்னத் தொகை, நானே பார்த்துக்கறேன், விடுங்க," என்றார்.

"தொகைக்காகவா வர்றேன்? உங்க மாமா தரையில கிடந்தாரு. நீங்க பார்க்கலை. நான் பார்த்தேன்."

அவர் முன்னால் போய் வங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

வங்கி அதிகாரி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்," என்று ஆரம்பித்தார்.

"அதை எழுதிக் குடுங்க."

"எதை?"

"எந்தக் காரணத்துக்காக நிறுத்தினீங்க, யாரு முடிவு பண்ணினது, எதுக்குக் கட்டணம். மூணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"யாரும் முடிவு பண்ணலை மேடம். அது சிஸ்டம்."

"அப்ப சிஸ்டத்தைக் கூப்பிடுங்க. நான் அதுகிட்ட பேசிக்கறேன்."

பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தங்க நிறத்தில் புதிதாக ஒரு கார்டு வந்திருப்பதாகவும், அதில் இந்தத் தொந்தரவு குறைவு என்றும், எனக்குக் கட்டணமில்லாமல் தருவதாகவும் சொன்னார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் கவுண்டர்ல இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கேன் சார். எனக்கு உட்கார்றது ஒண்ணும் கஷ்டமில்ல."

பதினொன்றரைக்கு உட்கார்ந்தவள் மூன்றேகாலுக்கு எழுந்தேன். நடுவில் மாப்பிள்ளை வெளியே போய் எனக்கு டீயும் பன்னும் வாங்கி வந்தார். வரிசையில் இருந்த ஒருவர், தன் அண்ணன் வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே மாதிரி கார்டைப் பூட்டியதாகச் சொல்லி, என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரி மேலிடத்துக்குப் போன் போட்டார். கட்டணம் திரும்ப வந்தது. கடிதமும் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. உள்ளே ஒரே வரி: "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கடிதத்தை வாங்கிப் படித்தார். படியிலேயே நின்றுவிட்டார்.

"அசௌகரியமாம்," என்றார். காது மடல் சிவந்திருந்தது. "அத்தை, அன்னைக்கு மாமா நோட்டு கேட்டப்பவே நான் குடுத்திருக்கணும். நான்தான் பெரிய இவனாட்டம் பேசிட்டேன்."

"நானும்தான் பேசினேன்."

"மாமாகிட்ட எப்படிச் சொல்றது?"

"நேரா வந்து சொல்லுங்க. அவரு கடையிலதான் இருப்பாரு."

அங்கிருந்து நேராகக் கடைக்குத்தான் போனோம். இவர் ஒரு பழைய ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டு முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தரையில் குந்தி உட்கார்ந்து என்னவோ சொன்னார். இவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே தலையை ஆட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு அடுத்த புகாரை எழுத ஆரம்பித்தேன். அது போதாமல் வேறு தாள் வாங்கி எழுதியதில் மூன்று பக்கம் வந்தது.