எல்லாருக்கும் சொல்லியாச்சு

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. சாயங்காலம், மறுநாள் மாணவர்களுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்ததும் தலைமையாசிரியர் பாக்கியசீலன் அதைப் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போட்டார். பிள்ளைகளுக்கு மட்டுமா, எங்களுக்கும் சேர்த்தா என்று எப்சி டீச்சர் கேட்டார். நீச்சல் தெரிந்தவர்கள் வரலாம் என்று பி.டி. மாஸ்டர் கிங்ஸ்டன் எழுதினார். ஓடையில் தண்ணீர் ஏறுகிறது, ஒருவரும் வரவேண்டாம், பார்த்தவர்கள் தெரியப்படுத்துங்கள் என்று பாக்கியசீலன் முடித்தார். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. நடுவில் ஒரு ஸ்தோத்திரம். ஷஃபீகா டீச்சரின் கட்டைவிரலும் வந்தபிறகு பாக்கியசீலன் போனைக் கீழே வைத்தார்.

ஷஃபீகாவின் கட்டைவிரல் இரண்டு பேர் கணக்கு. ஆயா மைதீன் பாத்திமாவிடம் இருப்பது பட்டன் போன். அவள் குழுவில் கிடையாது. ஷஃபீகாவும் அவளும் ஓடைக்கு அக்கரையில் ஒரே தெரு. பள்ளிக்கூடத்தில் எது மாறினாலும் ஷஃபீகா தன் வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார், பாத்திமாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்படித்தான் என்று யாரும் பேசி வைத்ததில்லை. பல வருசமாக நடந்துவந்தது, அவ்வளவுதான்.

பாக்கியசீலன் பள்ளிக்கூட வளாகத்து வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டாள். மகன் ஹெப்ரானுக்கு பெங்களூரில் வேலை. திங்கட்கிழமை விடியும் நேரத்தில் ஷஃபீகா கூப்பிட்டார்.

"சார், நான் தங்கச்சி பிரசவத்துக்குக் கடையநல்லூருக்கு வந்து கெடக்கேன். பாத்திமா லாத்தாகிட்ட யாரு சொன்னா?"

பாக்கியசீலன் உடனே பாத்திமாவுக்கு அடித்தார். போன் அணைந்து கிடந்தது. அக்கரையில் சனிக்கிழமை போன கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. எங்கே போய்ச் சார்ஜ் போடுவாள்?

பிள்ளைகள் வருமுன் எல்லா வகுப்பையும் பெருக்கித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்ப வேண்டும் என்பதால் அவள் விடியும்போதே தரைப்பாலத்தைத் தாண்டிவிடுவாள். மழை என்று ஒரு நாளும் நின்றவள் இல்லை. நின்றால் சோற்றுக்கு யார் பதில் சொல்வது?

குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. கேட்டில் நின்றால் கீழே ஓடையும் பாலமும் தெரியும். இப்போது பாலத்தைக் காணோம். ஓரக் கற்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. தாமிரபரணி நிறைந்து கிடந்ததால் ஓடை வடிய வழியில்லாமல் பொங்கி, முள்ளும் குப்பையுமாகச் செம்மண் நிறத்தில் ஓடியது. அக்கரையில், பிளாஸ்டிக் சாக்கை மழைக்குத் தலையில் கொங்காணி போட்டு ஓர் உருவம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. கையில் டார்ச். பக்கத்தில் கேன்கள் கட்டிய பால்காரர் பிச்சைக்கண்ணுவின் பைக்.

பாக்கியசீலன் கத்திப் பார்த்தார். மழை இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. அப்போதுதான் மணி நினைவுக்கு வந்தது. ஆபீஸ் முன்னால் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. விடாமல் அடித்தால் பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று அர்த்தம், தினமும் அதை அடிக்கிற பாத்திமாவுக்குத் தெரியாததா என்று நினைத்தார். இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தார். சாக்பீஸ் பிடித்தே பழகிய கை. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அடித்துக்கொண்டே கேட்டு வழியாக எட்டிப் பார்த்தார்.

டார்ச் வெளிச்சம் திரும்பிப் போகவில்லை. கீழே இறங்கியது. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் காலை வைத்தாள்.

அவர் இன்னும் பலமாக அடித்தார். அவள் இன்னும் வேகமாக வந்தாள்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அந்த மணியை அவளைத் தவிர வேறு யாரும் அடிப்பதில்லை. கிங்ஸ்டன் ஒருமுறை அடித்துவிட்டு நாள் முழுக்க அவளிடம் ஏச்சு வாங்கினார். அவள் அக்கரையில் நிற்கையில் மணி விடாமல் அடிக்கிறதென்றால் அவள் என்ன நினைப்பாள்? இந்த வளாகத்தில் விடியும் நேரத்தில் இருப்பது அவர் ஒருவர்தான். போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் ஆபீஸ் தரையில் விழுந்தபோது, அவரைத் தோளில் தாங்கி ரோடு வரை இழுத்துப் போய் ஆட்டோவில் ஏற்றியவள் அவள்தான்.

கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரிவில் ஒரு இடத்தில் சறுக்கி உட்கார்ந்து எழுந்தார். தண்ணீர் விளிம்பில் குடையை வீசிவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி. பார்க்கட்டும், நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

அவள் ஓரக்கல் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி இடுப்பளவில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். சாக்கு தலையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போனது. அவள் அசையவில்லை. பிறகு பின்னால் ஒரு கால் எடுத்து வைத்தாள். பிச்சைக்கண்ணு கேன் கட்டும் கயிற்றை வீசி, தானும் முழங்கால் வரை இறங்கி, அவள் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

பாக்கியசீலன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. பிச்சைக்கண்ணுவின் நம்பர், ஆனால் பேசியது பாத்திமா. பாக்கியசீலனுடைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஆடி மாதத்துக்குப் பிறகு படித்துக்கொண்டது.

"சார், நெஞ்சு வலிக்கா?"

"இல்லம்மா. நல்லாருக்கேன்."

"எதுக்கு உக்காருதிய அப்பம்?"

"சும்மாதான். ஓடியாந்தது."

"பொறவு எதுக்கு எம் மணியப் போட்டு அந்த அடி அடிச்சிய?"

"இன்னைக்கு லீவு. அதச் சொல்லத்தான்."

"எப்ப விட்டிய?"

"நேத்து சாயங்காலம்."

"எல்லாருக்கும் சொல்லியாச்சாக்கும்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"ஷஃபீகா சொல்லியிருப்பான்னு இருந்துட்டேன் பாத்திமா. நான் சொல்லல. நாந்தான் ஒனக்குச் சொல்லியிருக்கணும்."

ஓடை நடுவில் ஒரு முழு முருங்கை மரம் வேரோடு உருண்டு போனது. அது, அவள் பிடித்துக்கொண்டு நின்ற கல்லில் மோதித் திரும்பி, அந்தப் பக்கமாக வழுகிப் போனதை இருவரும் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தாப் போச்சு சார்," என்றாள்.

பிச்சைக்கண்ணு போனை வாங்கினார். "அண்ணாச்சி, சார்ஜ் கொறையுது. எதிரெதிர உக்காந்துகிட்டு போன்ல பேசுத ஆளுகள இப்பந்தான் பாக்கேன்."

அவள் போனைத் திரும்பப் பிடுங்கினாள். நனையாமல் வீட்டுக்குப் போகச் சொன்னாள். காலை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். அவர் இல்லை என்றதும் ஏசினாள். நீ முதலில் போ, ஈரச்சேலையை மாற்று என்றார் அவர். நீங்கள் போனால்தான் போவேன் என்றாள்.

"ஹெட்மாஸ்டர் சொல்லுதேன், போம்மா."

"லீவுன்னு சொன்னியள்ளா. இன்னைக்கு ஏது ஹெட்மாஸ்டரு?"

அவர் எழுந்தார். மேட்டில் பைய ஏறினார். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவள் அப்படியே நின்றாள். கேட்டுத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று எட்டிப் பார்த்தார். நின்றாள். வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் போய் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி கேட்டுக்கு வந்தார். போன் அடித்தது.

"போட்டியளா?"

"போட்டேன்."

"சரி. வாரேன்."

அக்கரையில் அவள் போனைப் பிச்சைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஈரச்சேலை காலைத் தட்ட, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். கல்லில் அடிபட்டிருக்க வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. தெருமுனையில் அவள் மறைகிற வரைக்கும் பாக்கியசீலன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் பிச்சைக்கண்ணு எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.