குரல் பிடித்த பீங்கான்

பல் டாக்டர் பச்சைக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பல் பார்க்கிற கண்ணாடியின் கைப்பிடியால் அதன் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டியபோது அவருடைய மனைவியின் குரல் அதற்குள் போய்விட்டது. அவள் அப்போது "இன்னொண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மீதியைச் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் மறுபடி தட்டினார். "இன்னொண்ணா?" என்றது கிண்ணம், அச்சு அசலாக அவள் குரலில், அதே சலிப்போடு. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். கிண்ணத்தை விற்ற பழம்பொருள் கடைக்காரர்தான் விஷயத்தை விளக்கினார். சீனத்துப் பழைய சூளையில் வெந்த பீங்கானின் மெருகு, அந்தக் கண்ணாடிப் பூச்சு, அப்படித்தான், தட்டுகிற நேரத்தில் பக்கத்தில் யார் பேசினாலும் குரலைப் பிடித்துக்கொள்ளும். நேற்றுச் செய்து இன்றைக்குப் பழசாக்கின போலி வெறுமனே டங்கென்று ஒலிக்கும். "யோகம் அடிச்சிருக்கு டாக்டர். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ஆனா ஜாக்கிரதை, சாமான் உடைஞ்சா குரலும் அதோட செத்துடும்" என்றார். டாக்டர் அன்று மனைவிக்குத் தொண்டைக்கு இதமாக ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. மாடியின் முன்னறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. பச்சை, பால்வெள்ளை, ரத்தச் சிவப்பு, மழைக்கு முந்தைய வானத்தின் நீலம் என்று மெருகு மெருகாக அடுக்கி வைத்திருந்தார். புதுச் சாமான் வந்தால் முதலில் கவிழ்த்து, மெருகு படாத அடிவளையத்தை விரல் நுனியால் தடவுவார். பிறகு பல் பார்க்கிற விளக்கைக் கொண்டுவந்து, மெருகுக்குள் இருக்கும் குமிழிகளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். கடைசியில் தட்டுவார். அந்த அறைக்குள் அவர் முகக்கவசம் இல்லாமல் நுழைந்ததும் இல்லை, ஒரு வார்த்தை பேசினதும் இல்லை. தன் குரல் என்றால் மட்டும் மனுஷனுக்கு அவ்வளவு கவனம். சின்னச் சாமான்களைக் கீழேயே சோதித்துக்கொண்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துக்கொண்டு, வந்தவரை "ஆ காட்டுங்க" என்பார். அவர் "ஆ" என்பார். இவர் தட்டுவார். கடைத்தெருத் தையல்காரரின் குரல் இப்படித்தான் ஒரு சிவப்புக் கோப்பைக்குள் போனது. தையல்காரரின் மனைவி சண்டைக்கு வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வீடு இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நோயாளிகளும் குறையவில்லை, வலிக்காமல் பல் பிடுங்க அந்த ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

குரல் போனதை டாக்டரின் மனைவி ஒரு மாதிரி தாங்கிக்கொண்டதற்குக் காரணம் மகள். மகள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லுகிற வேலை. ஊமையான பிறகு அம்மாக்காரி, எந்த வண்டியிலும் ஏறப்போவதில்லை என்றாலும், மதியத்தில் அங்கே போய்ச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் குரலைக் கேட்டுவிட்டு வருவாள். வீட்டில் அம்மாவின் புருவத்தைப் பார்த்தே மகள் எல்லாவற்றையும் பேசிவிடுவாள். காய்கறிக் கடையில் "இது முத்தல், வேற குடுங்க" என்று மகள் சொல்லும்போது பக்கத்தில் அம்மா தலையாட்டுவாள். அப்பாவிடம் "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காப்பா?" என்று கேட்டதுகூட அம்மா கேட்க நினைத்ததுதான். ஒரு குரலில் இரண்டு பேர் குடித்தனம் நடத்தினார்கள். அதனால் அந்தக் குரலைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள் தாய். முன்னறை வாசலை மிதிக்கவே மகளை அவள் விட்டதில்லை.

பால்வெள்ளைக் குடுவை வந்த அன்று கடைக்காரருக்கும் டாக்டருக்கும் அதன் மேல் சந்தேகம் இருந்தது. அடிவளையம் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. இரண்டு பேரும் முகக்கவசத்தோடு எதிரெதிரே நின்று கையாலேயே வாதாடிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து மகள் படியேறி வந்தாள். டாக்டர் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். என்ன நினைத்தாளோ, வாசல்வரை போய் நின்றாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த தாய்க்கு, தூக்கிய கையில் பல் கண்ணாடியின் கைப்பிடி மின்னியது தெரிந்தது. கத்த வாயைத் திறந்தாள், எங்கே கத்துவது? கையில் கிடைத்த தட்டைக் கரண்டியால் படபடவென்று அடித்தாள். போகாதே, திரும்பி வா என்று அவள் அடித்தாள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று மகள் பதறித் திரும்பினாள்.

"என்னம்மா?"

டாக்டர் தட்டினார். குடுவை அசல்தான்.

"நீ தட்டைத் தட்டாம இருந்திருந்தா அவ வாயே திறந்திருக்க மாட்டா" என்று சாப்பிடும்போது அவர் மனைவியிடம் சொன்னார். அது உண்மையும்கூட. அதனால்தான் அது அவளைக் கொன்றது. பேருந்து நிலையத்தில் மகளை மைக்கிலிருந்து எடுத்துப் பலகை எழுதுகிற வேலைக்குப் போட்டார்கள். வீட்டில் இரண்டு ஊமைகள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் சேகரிப்பாளர்கள் வந்து குடுவையைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். "என்னம்மா? என்னம்மா?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுக்களையில் இவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். பொருள்தான் பேசுகிறது என்று மூளைக்குத் தெரியும், பெற்ற வயிற்றுக்கு யார் சொல்வது? வருஷங்கள் இப்படியே ஓடின.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோதிரம் போட்ட கையால் ஒருவர் தட்டினார், குடுவையின் கழுத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்தது. அதே நேரத்தில் பேருந்து நிலையத்தில் பலகை எழுதிக்கொண்டிருந்த மகள் இருமினாள், கைக்குட்டை சிவந்துவிட்டது. டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. விரிசலைச் சுத்தம் செய்து, அமிலம் தடவிக் கழுவி, பல் அடைக்கிற பசையைத் திணித்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். வேறு எந்தச் சேகரிப்பாளருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. மகளுக்கு ரத்தம் நின்றது. "நான் அடைச்சா அடைச்சதுதான். எமனே வந்து பேத்தாலும் பெயராது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு குடுவையில் "என்ன" மட்டும்தான் தெளிவாக வந்தது. "ம்மா" என்பது, மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவன் பேசுகிற மாதிரிக் குழறியது.

இவர் கையில் இது மிஞ்சாது என்று தாய்க்குப் புரிந்துவிட்டது. உடைந்தால் குரல் செத்துவிடும் என்ற பயம்தான் அவளை இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தது. சரி, முதலில் என்னுடையதை உடைத்துப் பார்க்கிறேன், செத்தால் சாகட்டும், எனக்கு இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள். மறுநாள் மதியம், கீழே கடைவாய்ப் பல் பிடுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பச்சைக் கிண்ணத்தைத் துண்டில் சுற்றித் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடாகப் போட்டாள்.

"வைக்க இடம் எங்க இருக்கு?" என்றது அவள் வாய். அன்றைக்கு நின்றுபோன கேள்வியின் மீதி.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சிரித்தாள், அழுதாள். கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். சேர்த்து வைத்திருந்த வசவுகளில் பாதியைக் காலி அறையில் நின்று கணவனுக்குக் கொடுத்தாள். ஒரே போடில் முடிந்திருக்கும், அந்தக் கடைக்காரப் பாவி இத்தனை வருஷம் பயந்து சாக வைத்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பேருந்து நிலையத்துக்குப் போன் போட்டு மகளைக் கூப்பிடச் சொல்லி, "உடனே வாடி வீட்டுக்கு" என்றாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

குடுவையைத் தாயும் மகளும் சேர்ந்துதான் உடைத்தார்கள். அது சுக்குநூறாகப் போனது. "வந்துடுச்சு" என்றாள் மகள். "பேசறேன் பாருங்க. மேடை ஏழு. வண்டி தாமதம். அட, பேசறேன்!" தாய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை என்னைக் கூப்பிடுடி" என்று கெஞ்சினாள். மகள் வாயைத் திறந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. மறுபடி முயன்றாள், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. மற்ற எல்லாச் சொல்லும் வந்தது. தரையில் தூளுக்கு நடுவே, டாக்டர் அடைத்த பசை மட்டும் அரிசி நீளத்துக்கு உடையாமல் கிடந்தது. தாய் அதைச் சுண்டினாள். "ம்மா" என்றது அது, குழறலாக. சுத்தியலால் அடித்தார்கள். தரை ஓடு பிளந்தது, சுத்தியலின் முனை மழுங்கியது, பசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த டாக்டர் சில்லுகளைப் பார்த்து ஒரு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி பேசுகிறாளே என்றோ மகள் அழுகிறாளே என்றோ அவர் கேட்கவில்லை. குனிந்து பசைத்துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், நகத்தால் தட்டினார், முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, பெயரல. இத்துனூண்டுல குரல் பிடிச்ச சாமான் உலகத்துலயே வேற யார்கிட்டயும் கிடையாது."

"உங்க மிஷினைப் போட்டு அதைத் துளைங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றாள் மனைவி.

"துளைக்கலாம். தூளாப் போகும். தூளுக்குள்ள இருக்கறது அவகிட்டத் திரும்புமா, குப்பைக்குப் போகுமான்னு எனக்குத் தெரியாது. போனாப் போகட்டும்னு சொல்லு, இப்பவே துளைக்கறேன்."

அவள் மகளைப் பார்த்தாள், மகள் தரையைப் பார்த்தாள். வாய் நிறையக் குரல் இருந்தும் தாயால் போகட்டும் என்று சொல்ல முடியவில்லை. அவர் துண்டைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மகள் மறுபடி மைக்குக்குப் போய்விட்டாள். தாயை "இங்க பாருங்க" என்று கூப்பிடுகிறாள். கடைகளில் இவர்களை மாமியார் மருமகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், திருத்துவதை இருவரும் விட்டுவிட்டார்கள். பசைத்துண்டு தனி அலமாரியில், சின்ன விளக்குக்குக் கீழே இருக்கிறது. அதைக் கேட்கத் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், டாக்டர் முகக்கவசம் கொடுத்து உள்ளே அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தாயும் மகளும் அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள். முன்னறையில் யாரோ தட்டுகிறார்கள். "ம்மா" என்று வருகிறது. "என்னடி?" என்கிறாள் தாய், அந்தப் பக்கம் பார்த்து. மகள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.